வேலையில்லாத நாயும் ஒற்றைச் செருப்பும்

முதலில் போனது தாத்தாவின் செருப்பு. அதுவும் ஒற்றை. அடுத்த வாரம் பிளாஸ்டிக் நாற்காலியின் கால். அதன் பிறகு வாஷிங் மெஷினின் தண்ணீர்க் குழாய், மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த ஓலைப்பெட்டி, கரண்ட் அட்டை, நார்க்கட்டிலின் ஒரு பக்கம். செல்போன் சார்ஜரின் ஒயரில் வாய் வைத்த அன்று, நல்லவேளையாக வீட்டில் மின்சாரம் இல்லை.

திசையன்விளைக்குப் பக்கத்தில், பனையும் முருங்கையும் நிற்கிற ஒரு விளையை ஒட்டிய வீடு அது. ஆச்சியும் தாத்தாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். மகன் சென்னையில், மகள் மும்பையில். அக்கம்பக்கத்தில் ஒரு திருட்டு நடந்த செய்தி கேட்டதும் மகனுக்கு மனசு கேட்கவில்லை. காவலுக்கு ஆகட்டும் என்று இரண்டு மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை வாங்கி அனுப்பிவைத்தான். தேரி மண்ணின் நிறத்தில் இருந்ததால் செவலை என்று பெயர் வைத்தார்கள்.

ஐந்தாவது மாதம் முடிவதற்குள் ஆச்சி போன் போட்டுவிட்டார். “எய்யா, எங்களால முடியலப்பா. தேரிக்காட்டுப் பக்கம் யாரையாவது கொண்டுபோய் விட்டுட்டு வரச் சொல்லப்போறேன்.”

மகன் பதறினான். “எம்மா, கொஞ்சம் பொறும்மா. சங்கிலில கட்டிப் போடு.”

கட்டிப் போட்டார்கள். செவலை சங்கிலியைக் கடித்தது. பிறகு, சங்கிலி எட்டுகிற தூரத்தில் இருந்த கதவு நிலையைக் கடித்தது.

நாய் வளர்க்கும் வீடுகளில் பாதிப்பேர் இந்த இடத்தைக் கடந்துதான் வந்திருப்பார்கள். எல்லா நாய்களும் கடந்து வருவதில்லை. தெருமுனைகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் கழுத்துப்பட்டையின் தடத்தோடு அலைகிற, ஆறு மாதம் எட்டு மாதம் மதிக்கத்தக்க நாய்களைப் பார்த்தால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த வயது, குட்டியின் அழகு போய் சேட்டை உச்சத்துக்கு வரும் வயது.

ஓடுவதற்கென்றே பிறந்தது

செவலையின் சேட்டைக்கு முதலில் சரியான பெயர் வைத்தவர் பக்கத்து விளை அண்ணாச்சி. சின்ன வயதில் நாய்களோடு காடு மேடெல்லாம் அலைந்தவர். சங்கிலியையும் கதவு நிலையையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுக்கு வேலை இல்லக்கா. சும்மா கெடக்குற நாயி என்ன செய்யும்? அதுவா ஒரு வேலையத் தேடிக்கிடுது.”

அதுதான் விஷயம். விருதுநகர் மாவட்டத்தில் சிப்பிப்பாறை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தாங்கிய இந்த நாயும், கன்னி நாயும் தென்மாவட்டங்களின் கரிசல் காட்டிலும் செம்மண் காட்டிலும் முயல் விரட்டி வளர்ந்தவை. ஒடுங்கிய முகம், உள்வாங்கிய வயிறு, நீண்ட கால்கள் எல்லாமே ஓட்டத்துக்காக அமைந்தவை. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018-ல் வந்தபோது, அதில் வரும் கருப்பி என்கிற நாயைப் பார்த்துக் கண்கலங்கியவர்களுக்கு இந்த உடம்பும் ஓட்டமும் நினைவிருக்கும்.

வேட்டைக்கு 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டது. முயல்களுக்கு அது நல்லது. இருக்க வேண்டிய சட்டம்தான். ஆனால் நாய்க்குச் சட்டம் தெரியாதே! தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த ஓட்டம் அதன் கால்களில் அப்படியே இருக்கிறது. ஓட இடமில்லாமல், விரட்ட ஒன்றும் இல்லாமல் ஒரு போர்டிகோவில் மூன்றடிச் சங்கிலியில் நிற்கும்போது அந்தச் சக்தி முழுவதும் வாய் வழியாக வெளியே வருகிறது.

நாட்டு நாய்க்கு மட்டும் உரிய கதை இல்லை இது. சென்னை அடுக்குமாடி வீட்டில் சோபாவைக் கிழிக்கும் லாப்ரடாரை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டு விழுந்த பறவையை வாயில் கவ்விக்கொண்டு வந்து தருவதற்காக வளர்க்கப்பட்ட இனம் அது. எதையாவது கவ்விக்கொண்டே இருப்பதுதான் அதன் குலத்தொழில். ஜெர்மன் ஷெப்பர்ட் ஆடு மேய்த்தது. தொழில் போய்விட்டது, தொழிலுக்கான உடம்பும் ஆசையும் போகவில்லை.

பல் முளைக்கும் காலம்

ஐந்து மாதக் குட்டி கடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கும். ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் முளைத்து முடியும். இந்த நாட்களில் ஈறு குறுகுறுக்கும், வலிக்கும். கைக்குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைப்பதுபோலத்தான் இதுவும். கடித்தால் அதற்கு இதம்.

பல் முளைத்து முடிந்ததும் கடிப்பது நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்பதில்லை. பிறகு வருவது இளமைத் துள்ளல். ஒன்றரை வயது, சில நாய்களுக்கு இரண்டு வயது வரைகூட அது நீளும். இப்போது பல்லும் பலமானது, தாடையும் பலமானது. பால் பல்லில் செருப்பு போனது என்றால், நிலைப் பல்லில் நாற்காலி போகும்.

அதென்ன செருப்பின் மேல் அவ்வளவு ஆசை? வீட்டு மனிதரின் வாசனை அதில்தான் ஆழமாக ஊறிக்கிடக்கிறது. தாத்தா மதியம் சந்தைக்குப் போன நேரத்தில், தாத்தாவின் வாசனை வீசும் பொருளைச் செவலை தேடிப் பிடித்துக்கொண்டது. அதைக் குறும்பு என்று சொல்லலாம், தேடல் என்றும் சொல்லலாம்.

அடித்தால் என்ன ஆகும்?

ஆச்சி அடித்தும் பார்த்தார். கடித்த செருப்பை எடுத்து, அதாலேயே இரண்டு போட்டார். செவலை காதை மடக்கி, வாலைச் சுருட்டி, தரையோடு ஒட்டிப் படுத்தது. “பாரு, தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது” என்றார் ஆச்சி.

உண்மையில் தெரிந்திருக்குமா? அமெரிக்காவில் நாய்களின் மனத்தை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாயிடம் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு உரிமையாளரை வெளியே போகச் சொன்னார். திரும்பி வந்தவரிடம், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ சொல்லப்பட்டது; அது எல்லா முறையும் உண்மையாக இருக்கவில்லை. நாயின் ‘குற்ற உணர்ச்சி’ முகத்துக்கும் அது தின்றதா இல்லையா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வந்தது. தின்னாத நாயைத் திட்டினாலும் வந்தது.

ஆக, அந்த முகத்துக்கு அர்த்தம் ‘நீ கோபமாக இருக்கிறாய், எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதுதான். அரைமணி நேரத்துக்கு முன்னால் கடித்த செருப்பையும் இப்போது விழும் அடியையும் நாய் முடிச்சுப் போடுவதில்லை. அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: ஆச்சி பக்கத்தில் இருக்கும்போது கடிக்கக் கூடாது. ஆச்சி இல்லாதபோது கடிக்கலாம், கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்க் கடிக்கலாம்.

மிளகாய்ப் பொடி தடவும் பழக்கமும் வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் பட்டால் குட்டி துடித்துப்போகும். நாற்காலியில் தடவினால் அது கட்டிலுக்குப் போகும், அவ்வளவுதான்.

பிடுங்காமல் மாற்று

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்ன முதல் பாடம் வீட்டு மனிதர்களுக்குத்தான். செருப்பைத் தரையில் விடாதீர்கள். சார்ஜரைக் கழற்றி மேலே வையுங்கள். மாத்திரை டப்பாவை அலமாரிக்குள் பூட்டுங்கள். ‘பழைய செருப்புதானே, விளையாடட்டும்’ என்று ஒன்றைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பழைய செருப்புக்கும் மகன் வாங்கித் தந்த புதுச் செருப்புக்கும் விலை வித்தியாசம் நமக்குத்தான் தெரியும்.

இரண்டாவது பாடம், வாயில் இருப்பதைப் பிடுங்க ஓடக் கூடாது. துரத்தினால் செவலைக்குக் கொண்டாட்டம். துரத்தல் விளையாட்டு அதன் ரத்தத்தில் இருக்கிறது. இனி உங்களைத் துரத்தவைப்பதற்காகவே செருப்பை எடுக்கும். பதிலாக, கையில் அதைவிட ருசியான ஒன்றை வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். அவித்த முட்டைத் துண்டு போதும். அது செருப்பைப் போட்டதும் முட்டையைக் கொடுத்து, கடிக்கத் தகுந்த பொருள் ஒன்றை வாயில் வைத்து, அதைக் கடிக்கும்போது பாராட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும், வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும்.

கடிக்கத் தகுந்த பொருளுக்கு ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்ஹாம் என்பவர் ஃப்ரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டை வளர்த்தார். ஃப்ரிட்ஸ் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டது. ஒருநாள் பழைய வோல்க்ஸ்வேகன் வேனை அவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது, கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்றை ஃப்ரிட்ஸ் விடாமல் கடிப்பதைக் கவனித்தார். அதன் வடிவத்திலிருந்து பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் விற்கும் ‘காங்’ என்ற ரப்பர் பொம்மை. நடுவில் பொந்து இருக்கும். அதற்குள் சாப்பாட்டை அடைத்துக் கொடுத்தால் நக்கி நக்கி எடுக்கவே நாய்க்கு அரைமணி நேரம் ஆகும். கொஞ்சம் தயிர்சாதத்தைக் குழைத்து அடைத்து, ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்தால் ஈறு வலிக்கும் இதம்.

வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தடிமனான பருத்தித் துணியை நனைத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம். கண் பார்வையில் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். நூல் பிரியத் தொடங்கினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இவை வேண்டவே வேண்டாம்

நம் பக்கத்து வீடுகளில் சும்மா கிடக்கும் பொருட்களிலேயே ஆபத்து அதிகம்.

சிரட்டையும் பனங்கொட்டையும் கல்போலக் கடினம், பல் உடையும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிது பள்ளம் விழ வேண்டும். விழாத பொருள் நாயின் பல்லுக்கும் ஆகாது.

மாங்கொட்டை, சோளக் கதிரின் தக்கை இரண்டும் குடலில் போய் அடைத்துக்கொள்ளும். தேங்காய் நார், பனை நார், சாக்கு நூல் ஆகியவையும் அப்படியே.

வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

முற்றத்து அரளியின் இலை, பூ, பட்டை எல்லாம் விஷம். சாக்லேட், திராட்சை, வெங்காயம், எலி மருந்து, நாம் சாப்பிடும் வலி மாத்திரைகள் இவையும் நாயின் உயிரோடு விளையாடக்கூடியவை.

எதையாவது விழுங்கிவிட்டுத் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, சோர்ந்து படுத்தாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும்.

கையைக் கடிக்கும் குட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் பல் ஊசிபோல இருக்கும். விளையாட்டிலேயே தோல் கிழியும். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, டாக்டர் சொல்லும் நாளில் அடுத்த ஊசியும், பிறகு வருடா வருடமும் போட வேண்டும். எந்த நாயின் பல் பட்டாலும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. ‘வீட்டுக் குட்டிதானே’ என்று விடக் கூடாது.

காலுக்கும் மூக்குக்கும் வேலை

இவையெல்லாம் பாதி மருந்துதான். மீதிப் பாதியை அண்ணாச்சி கொண்டுவந்தார். அவர் விளைக்கு நான்கு பக்கமும் வேலி உண்டு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேரன், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன்னும் சாயங்காலமும் செவலையை அங்கே கூட்டிப்போனான். தேரி மண் சூடேறினால் பாதம் பொசுங்கிவிடும். அதனால் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிட்டால் கோழியும் ஆட்டுக்குட்டியும் செவலையின் கண்ணுக்கு முயலாகத்தான் தெரியும். அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்து.

ஒருநாள் பேரன், “பைக்ல கட்டி ஓட்டட்டுமா தாத்தா?” என்று கேட்டான். அண்ணாச்சி தடுத்துவிட்டார். வளர்கிற எலும்பு அது. குட்டி தானாக ஓடலாம், தானாக நிற்கலாம். வண்டியின் வேகத்துக்கு இழுபடக் கூடாது.

காலுக்கு வேலை வந்தது. மூக்குக்கான வேலையை ஆச்சி எடுத்துக்கொண்டார். அதற்கு ஓட வேண்டியதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். மதியச் சாப்பாட்டைத் தட்டில் வைப்பதற்குப் பதிலாக, ஒரு பங்கைப் பழைய துண்டில் பரப்பிச் சுருட்டி வைத்தார். இன்னொரு பங்கை ஒட்டுநாடாவும் பின்னும் நீக்கிய அட்டைப்பெட்டிக்குள் போட்டு மூடினார். அவித்த சர்க்கரைவள்ளித் துண்டுகளை வராந்தாவின் நான்கு மூலைகளிலும் ஒளித்துவைத்துவிட்டு, “தேடு” என்றார். முதல் நாள் செவலைக்கு ஒன்றும் புரியவில்லை. நான்காம் நாள், ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்ததுமே மூக்கைத் தரையில் வைத்துவிட்டது. பத்து நிமிடத் தேடலுக்குப் பிறகு ஒரு மணி நேரம் தூங்கியது. ஓட்டத்தைவிட மோப்பம் நாயை அதிகம் களைப்பாக்கும் என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்வதை ஆச்சி கண்ணால் பார்த்தார்.

சங்கிலியைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் படித்தவர்கள் குறைவு. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் விலங்கை அதிக நேரம் கட்டிவைப்பது குற்றம் என்கிறது அது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் இருப்பதையும் தனிக் குற்றமாகச் சொல்கிறது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவதும் அதே பிரிவில் வருகிறது. தேரிக்காட்டில் கொண்டுபோய் விடுவது என்பது அதுதான். வீட்டுச் சோற்றில் வளர்ந்த ஐந்து மாதக் குட்டிக்கு அந்த மணலில் தண்ணீர் எங்கே என்று தெரியாது. ஊர் நாய்களிடம் எப்படித் தப்புவது என்றும் தெரியாது.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு நாய் வாங்கி அனுப்புவது அன்பினால்தான். ஆனால் எழுபது வயதுக்காரரின் கையில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியின் கயிற்றைக் கொடுப்பது சரியா? ஒரு இழுப்பில் ஆளைக் கீழே தள்ளிவிடும். அந்த வீட்டுக்கு நிதானமான, வளர்ந்த நாய் பொருத்தமாக இருந்திருக்கும். குட்டிதான் வேண்டும் என்றால், தினமும் அதை ஓட்ட ஓர் ஆளுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்ய வேண்டும். இந்திய அஞ்சல் துறை 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. நாட்டு நாய் பற்றிய பெருமை அதற்குப் பிறகு எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. பெருமைக்கு வாங்குகிறவர்கள் அதன் கால்களையும் சேர்த்தே வாங்குகிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சென்னை மகன் இப்போது அண்ணாச்சியின் பேரனுக்கு மாதா மாதம் ஒரு தொகை அனுப்புகிறான். வாரம் ஒருமுறை வீடியோ காலில் செவலையைக் காட்டச் சொல்கிறான். ஆச்சி காட்டுகிறார், அந்தச் சாக்கில் அரைமணி நேரம் பேச்சும் நடக்கிறது.

செவலைக்கு இப்போது ஒரு வயது. கடிப்பதை அடியோடு விட்டுவிடவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. விளைக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் முறத்தின் ஓரம் காணாமல் போயிருந்தது. ஆச்சி முறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வானத்தையும் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை அடுப்பில் வைத்தார்.